கங்காணியின் வெற்றிலைத் தட்டு

மலாயாவில் யோங் பெங் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் எங்கள் கங்காணியிடம் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. சாயங்காலம் ஆனால் அதைத் தூக்கிவந்து வீட்டு முன்வாசலில் வைப்பார். பாட்டும் இனாம், பக்கத்தில் வெற்றிலையும் இனாம். பால்மரம் வெட்டிக் களைத்த ஆண்கள் எல்லாரும் அங்கேதான் கிடப்போம். அக்காள் புருஷன், என் மச்சான், முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக எழுந்து வருவார்.

எனக்கும் அந்த வாசல் பிடிக்கும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாட்டைக் கேட்டபடியே வீட்டு விவகாரங்களை அவரிடம் இறக்கி வைத்துவிடலாம். பெண்ணை யாருக்குக் கொடுப்பது, மாடு வாங்கலாமா, பிள்ளைக்கு எப்போது காது குத்துவது, எல்லாவற்றுக்கும் அவரே முடிவு சொல்வார். மற்ற நேரத்தில் வெற்றிலைத் தட்டு சும்மா கிடக்கும், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முடிவு சொல்லிவிட்டு அவர் கையால் நீட்டினால் மட்டும் கணக்கு வேறு. எடுத்தவன் சம்மதித்துவிட்டான் என்று பொருள். எடுத்த பிறகு மாட்டேன் என்றவனை நான் பார்த்ததில்லை.

அக்காளுக்கு இந்தக் கூத்து கட்டோடு பிடிக்காது. மூளையை அந்த வாசலில் அடகு வைத்துவிட்டு வருகிறோம் என்று எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டுவாள். நாங்கள் சிரிப்போம்.

ரப்பர் விலை விழுந்தது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைத்தார்கள். விருப்பப்பட்டவர்களை இனாமாகவே ஊருக்குக் கப்பலேற்றி விடுவதாகத் துரை சொல்லியனுப்பினார். மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் குடியிருந்த லயமே கலங்கிக் கிடந்தபோது அக்காள் ஓசைப்படாமல் ஒரு வேலை பார்த்திருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க்காரர்கள் கிராமத்தில், தான் மாட்டுப்பால் ஊற்றும் வீட்டில் பேசி, மரவள்ளி போட ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கியிருந்தாள். விளைச்சலில் பாதி அவர்களுக்கு. ஊரில் அக்காளுக்கும் மச்சானுக்கும் கையகல நிலம் இல்லை, வா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தவள் எங்கள் லயத்தில் அவள் ஒருத்திதான். மச்சானும் தலையாட்டினார். மண்வெட்டிக்குப் பிடிகூடப் போட்டு வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் கங்காணி பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாரும் ஊருக்குப் போவதுதான் நல்லது என்றும், விலை ஏறினால் தானே வந்து கூட்டிவருவதாகவும் சொல்லித் தட்டை நீட்டினாராம். வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். மச்சானும் எடுத்தார்.

அக்காள் அழவில்லை. "வெத்தலைதானே எடுத்தீங்க? போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மச்சான் தலை நிமிரவில்லை. "கையில வாங்கிட்டேனே. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

அந்த மூஞ்சிக்காக இரண்டு பேரும் கப்பலேறினார்கள். நட வைத்திருந்த மரவள்ளிக் குச்சிகளை அக்காள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் தங்கியதற்கு என் புத்திசாலித்தனம் காரணம் இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை. வாசலில் இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன். அக்காள் பேசி வைத்த நிலத்தில் அவள் குச்சிகளை ஊன்றிப் பிழைத்தேன். நன்றாகவே விளைந்தது. கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், இது அவள் சாப்பிட வேண்டியது என்று.

விலை ஏறியது. எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கப்பலேறாமல் இருந்த கங்காணி, இப்போது ஊருக்குப் போய் ஆள் கூட்டிவந்தார். எல்லாம் புது முகங்கள். வாசலில் பழையபடி பாட்டு. போய் அக்காளைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த ஜோடிப்பா அது? எத்தனையோ பேர் போனாங்க" என்று நெற்றியைச் சொறிந்தார். பிறகு அன்பாகத்தான் சொன்னார், "வர்றவங்க வருவாங்க. நீ மனசப் போட்டு உழப்பிக்காத." சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

என் கை தானாகப் போய் வெற்றிலையைத் தொட்டுவிட்டது. தொட்ட பிறகுதான், எதற்குச் சம்மதம் சொல்லப் போகிறேன் என்பது எனக்கு உறைத்தது. அக்காளைத் தேடாமல் இருப்பதற்கு. கையை இழுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மச்சான்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அன்றைக்கே போய்விட்டது. அக்காளைத்தான் அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.