காதர் பாய் அளவு தப்பவில்லை

காதர் பாய் இன்று விடியற்காலை பாலக்கரையில் தன் மகள் வீட்டில் இறந்துவிட்டார். மாலை அஸர் தொழுகை முடிந்து அடக்கம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பெரிய கடைவீதியில் எனக்கு ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. அதில் தோட்டா நிரப்பிக் கொடுத்தவர் அவர்.

அவர் பேரன் போட்ட பதிவின் கீழே ஒருவர் கமெண்ட் எழுதியிருக்கிறார். "தோட்டாவுக்கு மருந்து அளவு தப்பிப் போட்டுக் கண்ணை இழந்தாரே, அந்த பாய்தானே?" அதற்கும் நாலு லைக்.

இல்லை ஐயா. அவர் அளவு தப்பவில்லை. தப்பு என்னுடையது.

அப்போது வெளிநாட்டுத் தோட்டா வரத்து நின்றுபோயிருந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, அடியில் தீப்பொறி தரும் புது கேப், உள்ளே புது வெடிமருந்து, மேலே புதுக் குண்டு போட்டு மறுபடி நிரப்பினால்தான் ரைபிள் கிளப்பில் போட்டி நடக்கும்.

லைசென்ஸ் என் பெயரில். கை காதர் பாயுடையது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வக்கீல் வருவார். கீழே இருக்கும் லீவரைத் தள்ளித் தள்ளிச் சுடும் பழைய ரைபிள் அவருடையது... காகித டார்கெட்டைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. ஒரு நாள் காலை கடைக்கு வந்தார்.

"பாய், எறும்புக்குக்கூட நான் கெடுதல் பண்ணினதில்லை. அந்தக் கறுப்பு வட்டம் ஒண்ணுதான் எனக்குப் பகை. நல்ல மருந்தாப் பார்த்துப் போடும்."

"நல்ல மருந்துன்னு தனியா ஒண்ணும் கிடையாது சாமி. உங்க துப்பாக்கிக்கு ஒத்துப்போறதுதான் நல்ல மருந்து. ரொம்ப வேகமா எரிஞ்சா, தோட்டாவைப் பின்னால அடைச்சுப் பிடிக்கிற அந்தப் பழைய பூட்டு தாங்காது. மெதுவா எரிஞ்சா குண்டு பாதி வழியில தூங்கிடும்."

"அப்போ நடுவாந்தரமா ஒண்ணு?"

"ஆமா, நம்ம மொதலாளி மாதிரி. துள்ளவும் துள்ளாது, தூங்கவும் தூங்காது."

"அப்படின்னா விலை ஜாஸ்தியா இருக்குமே ஓய்!" என்றார் வக்கீல். மூன்று பேரும் சிரித்தோம்.

காதர் பாய் மருந்து தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்ப மாட்டார். வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சிட்டிகை... ஜன்னலோரம் கொண்டுபோய்க் குருணையைப் பார்ப்பார். கொல்லையில் செங்கல் மேல் வைத்துப் பற்றவைத்து, எரிகிற விதத்தைப் பார்ப்பார்.

அன்று காலை மூன்று டின்களைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தார். அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு விழுந்தால் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். திரும்பவும் பார்க்க மாட்டார்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் போனார். நான் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன்.

நான் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து வளர்ந்தவன். பழைய சரக்கின் அடி மிச்சத்தைப் புது டப்பாவில் தட்டிவிட்டுக் காலி டப்பாவை வெளியே வைப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி... யோசித்துச் செய்வதில்லை.

அலமாரியில் ஒரு டின்னில் அடி மிச்சம் இருந்தது. பறவை சுடும் துப்பாக்கிக்கான மருந்து. படுவேகமாக எரிவது.

எனக்கு மருந்தின் விலை தெரியும், எங்கே வாங்குவது என்று தெரியும். மருந்து தெரியாது. அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு... கோடு போட்ட டின்னில் தட்டிவிட்டேன். காலி டின்னை வாசலில் வைத்தேன்.

தொழுதுவிட்டு வந்தவர் கோட்டைப் பார்த்தார். உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை, பொன்மலைப் பக்கம் இருந்த கிளப் மைதானம். வக்கீல் ரைபிளுக்குக் கை நீட்டினார்.

"இருங்க சாமி. புது மருந்துன்னா மொத தோட்டா எனக்குத்தான். பழக்கம்."

"பழக்கமா, ஆசையா ஓய்?"

"ரெண்டுந்தான்."

சத்தம் வேறு மாதிரி இருந்தது. பூட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. வலது கண்...

இதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் காதர் பாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "என் கைத் தப்புதான் சார். ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து கொட்டிட்டேன்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கிளப்பில் அவர் நிரப்பிய தோட்டாவை யாரும் தொடவில்லை. வக்கீலும் தொடவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண விருந்தில், கிளப் ஆள் ஒருவர் கை கழுவ வந்த இடத்தில் கேட்டார்: "பாய், பிரியாணிக்கு உப்பு நீங்க போடலையே?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாயும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடமாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் பேரனுக்கும் இது இன்றுதான் தெரிகிறது. தம்பி, திட்டுவதாக இருந்தால் இங்கேயே எல்லோர் முன்னாலும் திட்டு. அடக்கத்துக்கு நான் வருகிறேன். வரக் கூடாது என்றால் வாசலிலேயே நிற்கிறேன்.

போய் வாங்க பாய்.

ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரி போன பிறகு, கட்டுப் போட்ட முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "வாசல்ல ஒரு காலி டின் கெடந்துச்சு மொதலாளி. அப்பவே கேட்டிருக்கணும்."

கடையில் பாதியை அவர் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். "பாதிக் கடையை வச்சு என்ன பண்றது? உங்க லைசென்ஸ் போனா முழுக் கடையும் போச்சு. நம்ம ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியணும்ல?" என்றார்.

அங்கேயே பேசி முடித்தோம். மருந்து அறைச் சாவி அவரிடம் இருக்கும். ஒரு டின்னை இன்னொரு டின்னில் நான் கொட்டக் கூடாது. அவருக்கு மிச்சமிருக்கும் ஒரு கண்ணும் மூடுகிற வரைக்கும் உண்மையை யாரிடமும் சொல்லக் கூடாது.

சரி என்றேன்.