ஹார்ன்காரியின் கால்

மகள் ஹார்ன் வாசிக்கிறாள் என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னால், "எந்த வண்டியில?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பெட்டியைத் திறந்து, சுருண்டு சுருண்டு போகும் பித்தளைக் குழாயையும் அதன் அகன்ற வாயையும் காட்டினால்தான் நம்புவார்கள். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால், மாடி உச்சியிலுள்ள லிஃப்ட் மோட்டார் அறையில்தான் அவள் வாசிக்கப் பழகினாள். நடந்துகொண்டே ஊதுவாள். உட்காரச் சொன்னால் உயிர் போகும்.

திரைக்குப் பின்னால் நின்று வாசித்துக் காட்டும் தேர்வில் ஜெயித்து, பெரிய இசைக்குழு ஒன்றில் மூன்றாம் ஹார்ன் ஆனாள். முதல் வருஷம் சோதனைக்காலம். அது முடிந்ததும் அவளை நிரந்தரமாக்கலாமா என்று குழுவினர் வாக்களிப்பார்கள்.

மேடையில் ஹார்ன்காரர்களுக்கு ஊதுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். வயலின்கள் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் கால் ஆட ஆரம்பிக்கும். ஒரு குழாயைக் கழற்றி, ஊதிய மூச்சில் சேர்ந்த தண்ணீரை வடிப்பாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். நாற்காலி கிரீச்சிடும்.

வாக்கு அவளுக்கு எதிராக விழுந்தது. ஹார்ன் வரிசைக்குத் தலைவரான முதல் ஹார்ன்காரரே வந்து சொன்னார்: "உன் வாசிப்புல ஒரு குறையும் இல்லம்மா. உன் பக்கத்துல உக்காரத்தான் முடியல."

பஸ்ஸில் ஏறப் பிடிக்காமல் வீடுவரை நடந்தே வந்தாள்.

"காலை ஆட்டுனதுக்கா வேலையை விட்டுத் தூக்குவாங்க?" அப்பா கொதித்தார்.

"அவங்களுக்கும் கவனம் சிதறும்லப்பா," என்றாள்.

சில வாரம் கழித்து வேறு ஊர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஒரே ஒரு பகுதிதான். மேடைக்கு வெளிய நடைவழியில நின்னு வாசிக்கணும், தூரத்துல கேக்குற மாதிரி. வருவீங்களா?"

"நின்னுக்கிட்டா? வரேன்."

துடைப்பங்களும் வாளிகளும் கிடந்த நடைவழியில், குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். ஹார்ன் குளிர்ந்துவிடாமல் இருக்க அதற்குள் சத்தமில்லாமல் மூச்சை ஊதிக்கொண்டே இருந்தாள். மேடையைக் காட்டும் சின்ன டிவியில் இசை நடத்துநரின் கை உயர்ந்தது. தூரத்துச் சத்தம் சுருதி இறங்கிக் கேட்கும் என்று மயிரிழை ஏற்றி வாசித்தாள். உள்ளே அரங்கம் மூச்சுவிடவில்லை.

அதிலிருந்து ஊர் ஊராக அழைத்தார்கள். கடைசியில் ஒரு குழு நிரந்தர நாற்காலியே தருவதாகச் சொன்னது. அங்கேயும் சோதனைக்காலம் உண்டு. முதல் ஒத்திகையிலேயே பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள்:

"அக்கா, நான் காலை ஆட்டுவேன். அடக்கிப் பாத்துட்டேன், முடியல."

"ஆட்டிக்கோ. குறட்டை விடுற மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறவ நான். உன் கால் என்னை என்ன பண்ணிடும்?"

இந்த முறை வாக்கெடுப்பில் ஜெயித்தாள். போனில் அப்பா, "அப்பாடா, இனிமே ஒரு இடத்துல இருப்பேன்னு சொல்லு," என்றார்.

"ம்," என்றாள். வேறொரு ஊரில் முதல் ஹார்ன் இடம் காலியாக இருந்தது. அதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போனைக் காதில் வைத்தபடியே அறையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.