மரத்தடி அரை மணி

எங்கள் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டம் பல ஆண்டுகள் குறித்த நேரத்தில் தொடங்கி நான் பார்த்ததில்லை. சோம்பல் காரணமல்ல, அன்றைய விதி அப்படி. வேதியியலாளர்களுக்கான அந்தச் சங்கத்தில், கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் இருபது உறுப்பினர்களாவது வந்திருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். கோரம் இல்லையென்றால் தலைவர் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைப்பார். அரை மணி கழிந்ததும் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரே போதும் என்று கூட்டம் நடக்கும்.

தாம்பரத்தையும் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்த எங்கள் கிளைக்கு அப்போதெல்லாம் இருபது பேர் வந்ததே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். தலைவர் எண்ணிப் பார்ப்பார், ஒத்திவைப்பதாக அறிவிப்பார், எல்லோரும் எழுந்து வெளியே மரத்தடிக்குப் போவோம். நாளடைவில் சிலர் இந்த ஒத்திவைப்பைக் கணக்கில் வைத்து நேராக மரத்தடிக்கே வரத் தொடங்கினார்கள். அதனால் கோரம் இன்னும் குறைந்தது.

கூட்டம் நடந்த இடம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்பறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பெஞ்சுகள் அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. ஓய்வுபெற்றவர்களின் முழங்கால்கள் மேசைப் பலகையில் இடிக்கும். ஒத்திவைப்பை எல்லோரும் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் வேதியியலாளன் அல்ல. கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தவன். பட்டம் இருந்ததால் இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டு கிடையாது, கோரத்தில் என் தலையை எண்ண மாட்டார்கள். கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவதும் செய்திமடலில் பிழை திருத்துவதும் என் தொண்டு. சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு ஒழுங்காகப் போனது எனக்கே வியப்பு.

தலைவர் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். காலையில் சர்ச்சுக்குப் போன அதே வெள்ளை முழுக்கைச் சட்டையில் பிற்பகல் கூட்டத்துக்கு வருவார். விதி என்றால் அவருக்கு விதிதான். மரத்தடியில் யாராவது சந்தாவைப் பற்றியோ அடுத்த சொற்பொழிவைப் பற்றியோ பேச்செடுத்தால் கையை உயர்த்துவார்.

“கூட்டத்தை ஒத்திவெச்சாச்சு. இப்ப அஜெண்டால இருக்கறதைப் பேசினா செல்லாது. வேற ஏதாவது பேசுங்க.”

எனவே வேறு ஏதாவது பேசினார்கள். யார் தொடங்கிவைத்தது என்று தெரியவில்லை, வீட்டிலிருந்து பாட்டில்களைக் கொண்டுவரும் பழக்கம் வந்தது. கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், நிறம் மாறிப்போன தேங்காய் எண்ணெய், சந்தேகமான தேன். ஆய்வகத்தில் பழகியவர்கள் எதையும் நேராக மூக்கில் வைப்பதில்லை. பாட்டிலைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அதன் வாய்க்கு மேலே உள்ளங்கையை விசிறி, வரும் காற்றை முகர்வார்கள். மரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று அப்படிக் கையை விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எதிரே டீக்கடையில் நின்றவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தார்கள்.

முகர்ந்தபின் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் செயலாளர். குரோம்பேட்டையில் தோல் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கீழ்க்கட்டளையில் மகன் வீட்டில் இருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். பாட்டிலைக் கடைசியில்தான் வாங்குவார். மற்றவர்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருப்பார். அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு.

“மோந்து பாக்கலாம். வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கலாம். நாக்குல மட்டும் வெக்கக் கூடாது. சாம்பிளை ருசி பாக்கறவன் கெமிஸ்ட் இல்லை, சமையல்காரன்.”

இதைச் சொல்லும்போதெல்லாம் பெயிண்ட் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரிய உடம்புக்காரர், “எங்க வூட்டாண்ட வந்து பாருங்க மேடம், சமையல்காரியே ருசி பாக்கறதில்ல” என்பார். எல்லா ஆண்டும் அதே நகைச்சுவை. எல்லா ஆண்டும் சிரித்தோம்.

ஓர் ஆண்டு புதிய முகம் ஒன்று வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரித் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். பெயிண்ட்காரர் சாக்கடை கலந்திருக்கிறது என்றார். தலைவர் களிமண் என்றார். மேடம் விசிறிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இரும்பு. ஒரு பக்கெட்ல பிடிச்சு அப்படியே வெச்சிடுங்க. காலைல அடியில செங்கல் கலர்ல படிஞ்சிருக்கும். இருந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க. இல்லேன்னாலும் பண்ணுங்க.”

மறுநாள் அவர் ஃபோன் செய்தார், படிந்திருந்தது. அதைவிட அன்று மரத்தடியில் பாட்டிலைத் திரும்ப வாங்கியபோது அவர் சொன்னதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது. “மேடம், நான் கையை இப்படி விசிறியே பல வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல பண்ணினா பைத்தியம்பாங்க.” அதற்கப்புறம் ஒவ்வோர் ஆண்டும் வந்தார். மரத்தடிக்குத்தான் வருவார், கூட்டம் முடியுமுன் போய்விடுவார்.

பிறகு தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விதி திருத்தப்பட்டுவிட்டது. அறிவித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் இருபது பேர் சேரவில்லையென்றால் கூட்டம் ரத்து. கூட்டம் ரத்தாகும் கிளை, நகரக் கிளையோடு இணைக்கப்படும்.

செய்தியாளன் கண்ணுக்கு அது நியாயமான திருத்தம். பத்துப் பேர் மட்டும் வரும் கிளை எதற்கு? நான் அப்படித்தான் மேடத்திடம் சொன்னேன். செய்திமடல் வேலையாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான், மருமகள் காபி கொடுத்துவிட்டுப் போனார்.

“நகரக் கிளையில பெரிய பெரிய லெக்சரெல்லாம் நடக்குமே மேடம்?”

“நடக்கும். கடைசி வரிசைல உக்காந்துட்டு வரலாம்.” காபியை வைத்துவிட்டார். “இந்த வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா நான் என்ன படிச்சேன், என்ன வேலை பாத்தேன்னு கேக்க ஆள் இல்லை. தாம்பரத்துல வருஷத்துக்கு ஒருநாள் யாராவது ஒரு பாட்டிலை நீட்டி, இது என்னன்னு பாருங்க மேடம்னு கேக்கறாங்க. அங்க யார் நீட்டுவா?”



பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவரே ஃபோன் செய்தார். வெளியூர் போனவர்கள், நடக்க முடியாதவர்கள் போக, வர முடிந்தவர்கள் சரியாக இருபது பேர். ஒருவர் தவறினாலும் கிளை போயிற்று. குறித்த நேரத்துக்கு முன்பே வரவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொன்னார்.

அன்று வகுப்பறை நிறைந்திருந்தது. நான் ஒருபோதும் பார்த்திராத உறுப்பினர்கள் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எண்ணினார். பத்தொன்பது. மறுபடி எண்ணினார். மேடவாக்கத்துக்காரர் இல்லை. ஃபோன் எடுக்கவில்லை.

“அரை மணி வரை காத்திருக்கலாம்” என்றார் தலைவர்.

யாரும் எழுந்து மரத்தடிக்குப் போகவில்லை. அதே அரை மணி, அதே ஞாயிறு, ஜன்னலுக்கு வெளியே அதே மரம். மின்விசிறிச் சத்தமும், ரயில் போகும்போது அதன் சத்தமும் கேட்டன. வாசலில் ஏதாவது வண்டி திரும்பினால் எல்லாத் தலைகளும் திரும்பின. மேடம் வருகைப் பதிவை முன்னால் வைத்துக்கொண்டு அதில் காலியாக இருந்த ஒரு கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெயிண்ட்காரரால்தான் பொறுக்க முடியவில்லை. “இன்னா சார் இது, பேஜாரா கீது. இதோ பேப்பர்காரர் குந்திகினு கீறாரே, இவரை எண்ணிக்கோங்களேன். ரெண்டு ஆள் சைஸு.”

“இணை உறுப்பினர் கோரத்துல சேர மாட்டார்” என்றார் தலைவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். அவருக்கும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

“அப்போ மேடம், அந்தப் பையன் வர்ற வழியிலதான் கீறான். சைனைப் போட்டு வுடுங்க. வந்தப்புறம் அவன் ஒத்துக்கப் போறான். யாருக்குத் தெரியும்?”

கதவு பக்கத்தில் இரண்டு பேர் “ஆமா, போட்டுடலாமே” என்றார்கள். முதல் முறையாகத் தலைவர் விதியைச் சொல்லாமல் இருந்ததை நான் கவனித்தேன். முடிவை மேடத்திடம் விட்டுவிட்டார்.

மேடம் பேனாவை எடுத்தார், மூடியைப் போட்டார், பைக்குள் வைத்தார்.

“வேலை பாத்த காலம் பூரா வந்த ரீடிங்கைத்தான் எழுதினேன். வரும்னு நினைச்ச ரீடிங்கை எழுதினதில்லை. இப்ப எதுக்கு?”

பெயிண்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அரை மணி தீரவிருந்த நேரத்தில் கேட் அருகே ஒரு ஸ்கூட்டர் நின்றது. மேடவாக்கத்துக்காரர் தோளில் பையோடு நேராக மரத்தடிக்குப் போனார். அங்கே யாரும் இல்லாததைக் கண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பத்தொன்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், என்னைச் சேர்த்தால் இருபது.

“டேய் தம்பி! உள்ள வாடா!” என்று பெயிண்ட்காரர் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

ஓடிவந்தவர் வாசற்படியில் நின்று கேட்டார்: “என்ன எல்லாரும் உள்ளயே இருக்கீங்க? மரத்தடி இல்லையா?”

“மொதல்ல சைனைப் போடுங்க” என்றார் மேடம். “சீக்கிரம் வரணும்னு சொன்னேன் இல்லையா?”

“சொன்னீங்க மேடம். கூட்டத்துக்குத்தானே சீக்கிரம்னு நெனச்சேன். நான் எப்பவும் ஒத்திவெச்சப்புறம்தானே வருவேன்.”

கிளை தப்பியது. கூட்டம் விறுவிறுவென்று முடிந்தது. கணக்கு, அறிக்கை, நன்றியுரை. முடிந்ததும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வண்டிகளுக்கும் பெரும்பாலானோர் பிரிந்து போனார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளிலும் மேடம் எல்லோரையும் ஃபோனில் விரட்டிக் கோரம் சேர்த்தார். கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது, நேரத்துக்கு முடிந்தது. மினிட்ஸ் எழுதுகிறவனுக்கு அது வசதி. ஆனால் பாட்டில் கொண்டுவருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது நான் மட்டும் சில சமயம் கூட்டம் முடிந்து அந்த மரத்தின் கீழே வண்டியை நிறுத்தி நிற்கிறேன்.

கிளை தப்பிய அன்று மரத்தடியில் ஐந்து பேர் மிஞ்சினோம். தலைவர் வகுப்பறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேடம் மேடவாக்கத்துக்காரரின் பையைக் காட்டினார்.

“அதுல என்ன?”

அவர் தயங்கி ஒரு பாட்டிலை எடுத்தார். பெயிண்ட்காரர் பறித்து, மூடியைத் திறந்து, கையை விசிறினார். “குளோரின். நல்லா ஏறிக்கீது.” தலைவர் விசிறினார். “எனக்கு ஒண்ணும் வரலை. கடினத் தண்ணியா இருக்கும்.” வழக்கம்போல் இருவரும் சிறிது சண்டை போட்டார்கள். மேடம் காத்திருந்து வாங்கினார். விசிறினார். வெயில் சாய்ந்த பக்கம் தூக்கிப் பிடித்தார். குலுக்கினார். மறுபடி விசிறினார்.

“இதுல ஒண்ணும் இல்லையேப்பா. சுத்தமான தண்ணி.”

மேடவாக்கத்துக்காரர் தரையைப் பார்த்தார். “ஃபில்டர் தண்ணிதான் மேடம். இப்ப பிரச்சினை எதுவும் இல்லை. வெறும் கையோட வர ஒரு மாதிரி இருந்துது.”

யாரும் சிரிக்கவில்லை, பெயிண்ட்காரர்கூட. மேடம் பாட்டிலை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணாந்து, உதட்டில் படாமல், பாதித் தண்ணீரைக் குடித்தார். மீதியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.