எந்தக் கட்டைமேல், சார்?

என் இருபத்து மூன்றாவது வயதில் என்னைப் பிளாஸ்டிக் செங்கல் அடுக்கச் சொன்னார்கள். குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடு கட்டி விளையாடுவார்களே, அந்தக் கட்டைகள்தான். சென்னையிலிருந்து வந்த பயிற்சி அதிகாரி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருவண்ணாமலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம் முடியப்போகிற நேரம். முடிந்ததும் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகுமா ஆகாதா என்பதே அந்த வாரம் முழுக்க என் நினைப்பாக இருந்தது. என் கைப்பையில் ஒரு மெமோ இருந்தது.

மெமோ வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம்தான் நம்பர் சொல்லிப் பதிய வேண்டும். எங்கள் முன்னால் வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட போர்டு. கார்டு என்கிற ஒயரின் முனையைத் துளையில் செருகினால் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள், உருவினால் பேச்சு நின்றுவிடும். யார் எந்த நம்பர் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, "ஆமா" என்று கேட்ட பிறகுதான் செருகுவோம். அண்ணாமலையாரே இறங்கி வந்து நம்பர் கேட்டாலும் அவருக்கும் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான்.

தீபத்துக்கு முந்தின நாள். ஊரில் கால் வைக்க இடமில்லை, போர்டிலும் இடமில்லை. சூப்பர்வைசர் தன் மேஜையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்த வேலூர் லைனை எடுத்துடு. அர்ஜெண்ட் கால் ஒண்ணு போகணும்."

வேலூருக்கு எங்களிடம் மூன்று லைன். மூன்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர், ஆஸ்பத்திரியில் இருந்த மகளுக்கு ஆபரேஷன் முடிந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எந்த லைன் சார்?"

"சொன்னா எடும்மா."

"மூணு இருக்கு சார். எதுன்னு சொல்லுங்க."

அவர் எழுந்து வந்தார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கார்டை உருவினார். உருவியது அந்த அப்பாவின் லைன். மறுபடி அவருக்கு வேலூர் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரம் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் மெமோ எனக்குத்தான் வந்தது. மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல், சக ஊழியர்கள் முன்னிலையில் எதிர்வாதம் செய்தேனாம். சூப்பர்வைசர் ஒளிவுமறைவு இல்லாமலே சொன்னார்: "மன்னிப்பு எழுதிக் குடு, கிழிச்சுப் போட்டுடறேன். இல்லன்னா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத மாட்டேன். திங்கக்கெழம வரைக்கும் டைம்."

வீட்டில் அப்பா, "ஒரு வரிதானம்மா, எழுதிட்டு வந்துடு" என்றார். கடலைக்காட்டு வருமானத்தை நம்ப முடியாத வீட்டில் மாதச் சம்பளம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். எக்ஸ்சேஞ்சில் எங்கள் எல்லோருக்கும் மூத்த ஆபரேட்டரை அக்கா என்போம். அவரும் அதையே சொன்னார். "இன்னாடி உனக்கு அவ்ளோ ரோஷம்? ஜாஸ்தி பேசாத. எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு."

நான் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. செய்யாத தப்புக்கு என் கையெழுத்தைக் கேட்கிறார்களே என்று பொருமிக்கொண்டே நான்கு நாள் ஓடியது.

சனிக்கிழமை பிஸ்கட் டின் வந்தது. ஊழியர்களுக்குள் ஒற்றுமை வளர வேண்டுமாம். ஷிப்டில் இல்லாத எங்களை மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேஜை, அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக நாற்காலி, குறுக்கே மறைப்பாக ஒரு போர்வை. ஒருவர் முன்னால் ஏற்கெனவே கட்டிய சின்ன வடிவம் இருக்கும். அவர் அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் உதிரிக் கட்டைகளை வைத்து அதே மாதிரி கட்ட வேண்டும். கட்டுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. "கவனமா கேக்கறதுதான் டீம் ஒர்க்" என்றார் பயிற்சி அதிகாரி. பிறகு, சொல்ல சூப்பர்வைசரையும் கட்ட என்னையும் உட்கார வைத்தார். அது தற்செயலா, யாராவது காதில் போட்டு வைத்தார்களா, எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பை மட்டும் பார்த்தேன்.

"செகப்புப் பெரிய கட்டை. நடுவுல வை."

வைத்தேன்.

"ரெண்டு பக்கமும் மஞ்சள் ஒண்ணொண்ணு."

வைத்தேன்.

"மஞ்சளுக்கு மேல வெள்ளை."

மஞ்சள் இரண்டு இருந்தது. வெள்ளை ஒன்றுதான் இருந்தது. எந்த மஞ்சள்மேல்? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "வெள்ளைக்கு மேல நீலம். நீலத்தைத் திருப்பி வை. முடிஞ்சுது."

போர்வையை விலக்கினார்கள். அவர் பக்கம் ஒரு கோபுரம் மாதிரி நின்றது. என் பக்கம் மூன்று கட்டை படுத்துக் கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா சார், சொன்னா செய்யறதில்ல" என்றார் சூப்பர்வைசர்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார் அதிகாரி.

"ரெண்டு மஞ்சள் இருக்குங்க சார். எது மேலன்னு அவர் சொல்லல. கேக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க."

"குத்துமதிப்பா ஒண்ணு மேல வெச்சிருக்கலாமே. விளையாட்டுதானே?"

"எங்க போர்டுல குத்துமதிப்பா கை வெச்சா யாரோ ஒருத்தர் பேச்சு அறுந்துபோகும் சார். பழகின கை. இங்க வந்து மட்டும் மாறாது." எனக்குப் பாதி பயம், பாதி கோபம். இவ்வளவு தூரம் வந்த பிறகு நிறுத்துவானேன் என்று, "இன்னொரு தடவை வெக்கிறோம் சார். அதே கட்டை, அவரே சொல்லட்டும். ஆனா நான் கேப்பேன்" என்றேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுபடி போர்வை. மறுபடி சிவப்பு, மஞ்சள், வெள்ளை.

"எந்த மஞ்சள் மேல, சார்?"

"லெஃப்ட்" என்றார் அவர்.

"உங்க லெஃப்டா, என் லெஃப்டா?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். "என் லெஃப்ட்."

"அப்போ எனக்கு ரைட். அந்த மஞ்சள் மேல வெள்ளை. சரிங்களா சார்?"

"ம்."

இரண்டே நிமிடம். போர்வையை விலக்கியபோது இரண்டு பக்கமும் ஒரே கோபுரம். அதிகாரி கைதட்டினார், எங்கள் இருவரையும் நல்ல ஜோடி என்று பாராட்டினார்.

"இப்படிக் கேட்டதுக்குத்தான் சார் எனக்கு மெமோ குடுத்திருக்காரு" என்றேன்.

கைதட்டல் நின்றது. "விளையாட்டு வேற, வேலை வேற" என்றார் சூப்பர்வைசர். அதிகாரி கட்டைகளைப் பிரித்து டின்னில் போட ஆரம்பித்தார். "அது உங்க ஆபீஸ் விஷயம்மா, நான் தலையிட முடியாது" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. பிளாஸ்டிக் கட்டைக்காக சூப்பர்வைசரால் இரண்டு நிமிடம் பதில் சொல்ல முடிந்தது. மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த மனிதருக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

திங்கள் காலை என் பதிலை அக்காவிடம் காட்டினேன். மூன்றே வாக்கியம். "மூன்று லைன்களில் எதைத் துண்டிப்பது என்று கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. இதில் நான் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை."

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என் பேனாவைப் பிடுங்கி அடியில், "நடந்ததை நானும் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நான் பர்மனெண்ட் ஆயி பதினாறு வருசம் ஆச்சு. என்னை இன்னா பண்ணிடுவான் பாக்கலாம்" என்றார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இதுல மன்னிப்பு எங்கம்மா?" என்றார்.

"இல்லீங்க சார்."

என் தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு நாளும் போர்டில் உட்கார்ந்து, சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் சூப்பர்வைசரிடம் உரக்கவே கேட்டேன்.

நான்கு பேர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை மேலே யாராவது படித்தார்களா என்று தெரியாது. ஏழாவது மாதம் நிரந்தர ஆணை வந்தது. சூப்பர்வைசரே அதை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன் என்று காத்திருந்தார். விழுப்புரத்துக்காரர் ஒருவர் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். என் வலது கையில் கார்டு இருந்தது. உட்கார்ந்தபடியே இடது கையை நீட்டினேன்.