ஒரு சாண் ஒலிநாடா

என் மேசை லாச்சியில் ஒரு சாண் நீளமான ஒலிநாடா பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கிறது. அது பதிவான கூட்டத்தில் முரசுமோட்டைப் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் காணிக்காரர் இருபது பேர் இருந்தார்கள். தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையார் இருந்தார். நீர்ப்பாசன எஞ்சினியர் இருந்தார். பெண்களில் என் சின்னம்மா மட்டும்; சித்தப்பா இறந்தபின் கடைமடையில் கிடந்த இரண்டு ஏக்கரையும் அவரே செய்துவந்தார். நான் இருக்கவில்லை. அன்று நான் வேலைபார்க்கும் நீர்ப்பாசனக் கந்தோர் அலுவலாக வவுனியாவுக்குப் போயிருந்தேன்.

சிறுபோகத்துக்குக் குளத்து மதகான துலுசை எந்த நாளில் பூட்டித் தண்ணீரை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கூட்டம் அது. எஞ்சினியர் அந்த வருடம் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். தும்மினாலும் பதியுமாம், கவனம் என்று யாரோ சொல்லிச் சிரித்தது நாடாவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பேச்சு இரண்டு மணித்தியாலம் நீண்டது. அவ்வளவையும் இருந்து கேட்க மேலதிகாரிகளுக்கு நேரமில்லை. பேசியவர்களில் ஆளுக்கொரு துண்டாக வெட்டி, சிறு சுருள்களில் சுற்றி, பெயர் ஒட்டித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவன் நான். மெசின் வேலை எனக்கு வரும் என்று கந்தோரும் நம்பியது, சின்னம்மாவும் நம்பினார்.

சுருளைக் கையால் மெல்ல உருட்டினால் குரல் முனகிக்கொண்டு வரும். அது ஓயும் இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடிட்டு, சவர அலகால் சரிவாக வெட்டவேண்டும். காணிக்காரர் பேச்சு இருக்கட்டும். இருமல், கதிரை இழுபடும் சத்தம், தேத்தண்ணிக் கோப்பை, வெறும் இடைவெளி எல்லாம் போகட்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதைச் சுத்தமான வேலை என்று நினைத்தேன். அரசாங்கச் சாமான் என்பதால் கழிவுத் துண்டுகளையும் வீசாமல் பிஸ்கட் தகரமொன்றில் போட்டுவைத்தேன்.

கூட்டத்தில் சின்னம்மா கேட்டது ஒன்றுதான். தன்னிடம் இருப்பது நாலுமாத விதைநெல், கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பிந்தும், ஆகவே பூட்டும் நாளுக்குப் பிறகு பத்து நாள் தண்ணீர் தருவீர்களா என்று. எஞ்சினியர் ஓம் என்றாராம். அதை நம்பி நாலுமாத நெல்லையே விதைத்தார்.

கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் அந்த எஞ்சினியர் மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் கடுமையானவர் அல்ல. சின்னம்மா அந்தப் பத்து நாளைக் கேட்டபோது, ஒருவருக்கொருவர் சாட்சி சொல்கிற ஊரில் யார் சொல்வதை எடுப்பது, நாடாவில் இருந்தால் தருகிறேன் என்றார். சின்னம்மாவின் சுருளை நானே போட்டேன். அவருடைய கேள்வி தெளிவாக ஒலித்தது. அதோடு நாடா முடிந்து சுருள் வெறுமனே சுழன்றது.

"நான் கேட்டது கிடக்கு," என்றார் சின்னம்மா. "அவர் சொன்னது எங்க தம்பி?"

வட்டவிதானையார் எஞ்சினியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இருபது பேர் காதால கேட்டனாங்கள். இனிக் காதுக்கு மதிப்பில்லையாக்கும்."

துலுசு குறித்த நாளிலேயே பூட்டப்பட்டது.

தகரத்தில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கேட்டு முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் சென்றது. இருமல், காகம், கோப்பை, மறுபடி இருமல். கடைசியில், கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தத்துக்குப் பின்னால், ஒரு சாண் நாடாவில் அந்தக் குரல்: "ஓம், குடுப்பம்." அவர் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குள் சின்னம்மாவின் பேச்சு முடிந்துவிட்டதென்று நான் வெட்டி, கோப்பைச் சத்தத்தோடு அந்தப் பதிலையும் தகரத்தில் போட்டிருக்கிறேன். புதிய எஞ்சினியர் அதைக் கேட்டுவிட்டு அன்றே திறக்கச் சொன்னார். தண்ணீர் கடைமடைக்குப் போனபோது கதிர்கள் பதராய் வெளுத்து நிமிர்ந்து நின்றன.

சின்னம்மாவைக் கந்தோருக்குக் கூட்டிவந்து அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். மன்னிப்பாக அதைச் செய்தேனா, நிரூபணமாகவா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஒருதரம் கேட்டார். மறுபடி போட வேண்டாம் என்றார்.

"எனக்கு இது தெரிஞ்சதுதானே தம்பி. உனக்குத்தான் கேக்கவேண்டிக் கிடந்தது."

இன்றும் கூட்டங்களின் நாடாவை வெட்டுவது நான்தான். ஒருவர் பேசி முடித்தபின் ஒரு சாண் விட்டுத்தான் அலகை வைக்கிறேன். நாடா வீணாகிறது என்று கணக்குப்பிள்ளை குறைப்படுகிறார். லாச்சியில் கிடப்பதை அவருக்குக் காட்டியதில்லை. அறுபது புசல் வரவேண்டிய இரண்டு ஏக்கரில் அந்தப் போகம் சின்னம்மா தூற்றி எடுத்தது பதினொரு புசல். அந்த ஒரு சாண், நாற்பத்தொன்பது புசல் நெல்.