கியெம் குடிக்காமல் போன காபி

லீ சோன் தீவின் படகுத்துறையில் லுவா வைத்திருப்பது ஒரு தகரக் கொட்டகை, ஆறு முக்காலி. அதற்குப் பேர் கடை. ஆட்கள் அவள் வாய்க்கு வருகிறார்களா, காபிக்கு வருகிறார்களா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. தம்ளரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டப்பாப்பால், மேலே அலுமினிய வடிகட்டி, அதில் வெண்ணெய் விட்டுக் கருக வறுத்து அரைத்த தூள். முதலில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் தூளை ஊறவிடுவாள். பிறகுதான் மிச்சம். அது தன் இஷ்டத்துக்குச் சொட்டும். அவசரப்படுகிறவனுக்குக் காபியோடு வசவும் கிடைக்கும்.

அப்படி வசவு வாங்கி வாங்கியே அவளைக் கட்டிக்கொண்டவன் கியெம். ஆழ்கடல் படகில் வலை இழுப்பவன். கரையில் இருக்கும் நாளெல்லாம் வாசலோர முக்காலியில் உட்கார்ந்து சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னப் பாக்க வந்தீங்களா, தம்ளரப் பாக்க வந்தீங்களா?" என்பாள் லுவா.

"ரெண்டும் கசப்புதான். ஆனா அடியில இனிப்பு கிடக்கே" என்பான்.

கொடுத்து வைத்தவள் என்று ஊர் பேசியது. ஊர்க்கண் பொல்லாதது, வேறென்ன சொல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் படகு பன்னிரண்டு பேரோடு போனது. திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. மற்றப் பதினோரு வீட்டாரும் காற்றுச் சமாதி எழுப்பிவிட்டார்கள். கடல் உடலைத் தராவிட்டால், மலைக் களிமண்ணில் உருவம் பிடித்து, மல்பெரிக் குச்சிகளை எலும்பாக வைத்து, போனவனின் சட்டையைப் போர்த்திப் புதைப்பது இங்கே முறை. சமாதி இல்லாத உயிர் பசியும் தாகமுமாக அலைமேல் அலையும் என்பார்கள். லுவா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். தினமும் காலையில் அவன் முக்காலிக்கு முன்னால் ஒரு காபி வடித்து வைப்பாள். மத்தியானம் எடுத்துக் கொட்டுவாள்.

கியெமின் அண்ணன் ட்ரொங் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் ஆறிக்கிடந்த அந்தத் தம்ளரைக் காட்டிச் சொன்னார்:

"தங்கச்சி, இது உசுரோட இருக்கிறவன் குடிக்கிற இடம். அவன் செத்திருந்தா இதத் தொட முடியாது. மாடத்துல படத்த வச்சு, பத்தி கொளுத்திப் படைச்சாத்தான் அவன் வாய்க்குப் போய்ச் சேரும். நீ நம்பிக்கையோட இருக்கேன்னு நினைக்கிற. அவன் ரெண்டு வருஷமா தாகத்துல கிடக்கான்."

லுவா சரி என்று தலையாட்டினாள்.

உண்மையில் அவள் பயந்தது சமாதிக்கு அல்ல, அந்தச் சடங்கைச் செய்யும் பூசாரிக்கு. கடலில் செத்த நாள் யாருக்குத் தெரியும்? அதனால் வீட்டுவாசலை விட்டுப் போன நாளே திதி. அந்தப் பூசாரிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. போனவன் அன்றைக்கு வாசலில் கடைசியாக என்ன குடித்தான் என்று கேட்டு, அதையே களிமண் உதட்டில் தொட்டு வைப்பார்.

களிமண் உருவத்தைக் கிடத்திச் சட்டை போர்த்தியதும் அதையே கேட்டார். ட்ரொங் முந்திக்கொண்டு, பன்னிரண்டாம் தேதி, லுவா கையால் காபி, ஊருக்கே தெரிந்ததுதானே என்றார். தெரியும்தான். ஊருக்குச் சொன்னவளே அவள்தானே. பூசாரி தம்ளரில் விரலை நனைக்கப் போனார். லுவா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்கல" என்றாள். "முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. கடல விட்டுட்டுக் கடையப் பாருங்கன்னேன். சொட்டு எண்ணவான்னு சிரிச்சாரு. போய்த் தொலைங்கன்னுட்டேன்."

படகுக்காரன் வீட்டில் 'போ' என்ற சொல்லே புழங்காது. 'வாங்க' என்றுதான் வழியனுப்புவார்கள். நேற்றுப் பேசப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும்.

"அன்னைக்கு ராத்திரி படகுலயே படுத்துட்டாரு. விடிஞ்சதும் வந்து கதவத் தட்டினாரு. 'லுவா, ஒரு காபி குடு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, கெளம்பறேன்'னாரு. நான் முழிச்சுத்தான் கிடந்தேன். கொஞ்சம் நிக்கட்டும்னு இருந்துட்டேன். அப்புறம் எந்திரிச்சுத் தெறந்தேன். ஆளில்ல."

ட்ரொங் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவளைத் திட்டுவார் என்று பார்த்தால், "இப்பவாவது குடு தங்கச்சி" என்றார்.

லுவா விரலை நனைத்து அந்தக் களிமண் உதட்டில் வைத்தாள். ஈரம் உள்ளே இறங்கியது. இன்னொரு சொட்டு வைத்தாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்த 'வாங்க' உதடுவரை வந்துவிட்டது. பூசாரி பதறித் தடுத்தார். மண்ணுக்குள் போகிறவனை வா என்று அழைக்கக் கூடாதாம். அழைத்தால் அவன் அடங்கமாட்டான், திரும்பவும் அலைவான். போ என்றுதான் சொல்ல வேண்டுமாம், அதுவும் கட்டினவள் வாயால்.

லுவா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.