பத்துக்கு நாலு

செய்தி காலை ஏழு மணிக்குப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் டெல்லி திரிலோக்புரி வீட்டு வாசலில், பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வரி இருந்தது. வழக்கம்போல முதல் எழுத்தில் விரலை வைத்துத் தொடங்கினேன். எந்தச் சொல்லிலும் நிற்காமல், யாரையும் கேட்காமல், கடைசிப் புள்ளிவரை போய்விட்டேன். நாலு வரியை ஒரே மூச்சில் படித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் படித்தது என்ன என்று விளங்கியது. ஜெபமணி டீச்சர் முந்தின நாள் இரவு ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார்.

எழுபத்திரண்டு வயதுவரை சாவுச் செய்தியை யாராவது வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நானே படித்த முதல் சாவு, எனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவருடையது. அதிலும் முதலில் வந்தது சந்தோஷம். இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால், மறைத்துவைத்த இன்னொன்றை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் என்னையும் தெரியும். கேட்டில் நிற்கும் பெரியசாமி. முப்பத்தொரு வருஷம் மணி அடித்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கு டீ, வகுப்புக்குச் சாக்பீஸ் டப்பா, பரீட்சைக்குத் தாள் என்று எல்லா அறைக்கும் போயிருக்கிறேன். கரும்பலகையை மட்டும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதில் இருப்பது எனக்கு எழுதியது இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவேன்.

பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் படித்தார்கள். டீச்சர் வீட்டில் நெட் ஒழுங்காக வராது. அதனால் காலிப் பள்ளிக்கு வந்து, கரும்பலகை முன்னால் நின்று, போனுக்குப் பாடம் எடுத்தார். போனை நிறுத்த ஸ்டாண்ட் கிடையாது. டஸ்டரில் சாய்த்தார், விழுந்தது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்தார், அதுவும் விழுந்தது. வராந்தாவில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, சும்மாதான இருக்கிய? இதக் கொஞ்சம் பிடிங்க.”

அவர் திருச்செந்தூர் பக்கத்துக்காரர். தன்னைவிட மூத்த ஆண்கள் யாராக இருந்தாலும் அவருக்கு அண்ணாச்சிதான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகைக்கு நேராக நான் நின்றது அன்றைக்குத்தான். ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ நடந்தது. அவர் போனைப் பார்த்துப் பேசினார், போனுக்குப் பின்னால் என் முகம் இருந்தது. ஓர் எழுத்தை எழுதிவிட்டு, “எல்லாரும் சொல்லுங்க” என்பார். பிள்ளைகள் அந்தப் பக்கம் சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள். அறை அமைதியாகக் கிடக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த அமைதி தாங்காமல் நான் சொல்லிவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை.

“ஒரு ஆளாவது பதில் சொன்னியளே” என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார்.

அப்படிப் போன் பிடித்தே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். எழுத வரவில்லை. பள்ளி திறந்த பிறகு டீச்சர் ஒரு கட்டளை போட்டார். “இனிமே எனக்குக் குரல் மெசேஜ் அனுப்பாதீங்க, நான் கேக்க மாட்டேன். டைப் பண்ணி அனுப்புங்க. தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது.” என் விரல் ஒன்று போனில் மூன்று எழுத்தை மறைக்கும். ‘கேட் பூட்டு’ என்று அனுப்ப அரை மணி நேரம் ஆனது. அதற்கு ‘அருமை’ என்று பதில் வந்தது.

மறுநாள் எதையோ தவறி அழுத்திவிட்டு, போனைத் திட்டினேன். திட்டினதெல்லாம் திரையில் எழுத்தாக வந்து நின்றது. கூட்டிப் படித்துப் பார்த்தேன், நான் சொன்ன சொல்தான். பக்கத்தில் குட்டியாக மைக் படம். அன்றிலிருந்து நான் டைப் பண்ணவில்லை. ஓரமாகப் போய்ப் போனில் பேசுவேன், அது எழுதும், நான் அனுப்புவேன். மூன்றாம் வகுப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பிளம்பர் பையாவிடம் சொல்லிவிட்டேன் என்று முழு வரியாகப் போகும். ‘அருமை’, ‘மிக அருமை’ என்று வரும். அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அதனால் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போனில் வீட்டுப்பாடம் கொடுப்பதை அதிகம் எதிர்த்தவர் ஜெபமணி டீச்சர் என்பது ஆசிரியர்களாகிய உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் ஓய்வறையில் அந்தப் பேச்சு வந்தபோது அவர் மாற்றிப் பேசினார். “போன் கையைக் கெடுக்கும்னு நான்தான் சொன்னேன். அண்ணாச்சியப் பாத்த பொறவு அப்படிச் சொல்ல வாய் வரல. இந்த வயசுல போன்லயே எழுதப் படிச்சுட்டாவ.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் டீத் தட்டோடு நின்றேன்.

“டீ ஆறுது டீச்சர்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

எட்டாம் வகுப்புத் தமிழ் வீட்டுப்பாடம் போனுக்கு மாறியது. டெல்லியில் பிறந்த பிள்ளைகள், வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதச் சொன்னால் முழிப்பார்கள். அவர்களிடமிருந்து பக்கம் பக்கமாக வந்தது. டீச்சர் அதையெல்லாம் எனக்குக் காட்டிச் சந்தோஷப்பட்டார். அந்த வகுப்பில் நிலா என்று ஒரு பெண். ஒரு நாள் கேட்டில் நான் போனில் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“அங்கிள், நீங்களும் மைக்கா?”

“ஜல்தி உள்ள போம்மா, மணி அடிக்கப் போறேன்” என்றேன். மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அரையாண்டுப் பரீட்சை காகிதத்தில்தான். கூடுதல் தாள் கேட்டுப் பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள், நான் ஓடுவேன். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் ஒரு கையும் எழும்பவில்லை. விடைத்தாள்களை வாங்கிக் கட்டினேன். முக்கால்வாசியும் வெள்ளையாக இருந்தன.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து நின்றார். “போன்ல பக்கம் பக்கமா எழுதுறான், பேப்பர்ல நாலு வரி வரல. என்னதான் சொல்லிக்குடுக்கிறீங்க மேடம்?”

“தப்பு எம்மேலதான்” என்றார் டீச்சர். “நான்தான் போன்ல எழுதச் சொன்னேன். பிள்ளைகளத் திட்டாதீங்க.”

யாரைப் பார்த்து அவர் நம்பினார் என்பது அந்த அறையில் எனக்குத் தெரியும். நான் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே இன்னொரு நாற்காலியை அடுக்கினேன். மறுவாரம் எட்டாம் வகுப்புத் தமிழை அவரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

பதினோரு நாள் கழித்து, அவர் கேட்டில் ஆட்டோவுக்கு நின்றபோது சொன்னேன். “டீச்சர், நான் எழுதலீங்க. பேசுனேன். போன்தான் எழுதுச்சு.”

அவர் சாலையிலிருந்து என் பக்கம் திரும்பினார். “எல்லாமேவா?”

“கேட் பூட்டு மட்டும் நான் எழுதுனதுங்க.”

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார். இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. நாளை பள்ளி விட்டதும் நோட்டும் பேனாவும் கொண்டு வரவும், பிள்ளைகளோடு உட்காரவும் என்று இருந்தது.

வகுப்பு போன பிறகும், அந்தப் பிள்ளைகளைத் தினம் அரை மணி நேரம் வைத்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டு வாங்கியிருந்தார். போனே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் எல்லோரையும் போனை எடுக்கச் சொன்னார். முதலில் அதனிடம் பேச வேண்டும். வந்ததைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு, “கவுத்து வைங்க” என்பார். எல்லாப் போனும் மேசையில் குப்புற விழும். இனி நினைவிலிருந்து கையால் எழுத வேண்டும். எழுதி முடித்துப் போனைத் திருப்பி, நாமே திருத்த வேண்டும்.

“வாயில இருக்கு, கைக்கு இறக்கணும், அவ்வளவுதான்” என்று சொல்வார். “நீங்களா செஞ்ச தப்பு எனக்குப் போதும். போன் செஞ்ச சரி வேண்டாம்” என்பதும் அவர் சொன்னதுதான். கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க நான் உட்கார்ந்தேன். “அங்கிள், காப்பி மத் கரோ, பாத்து எழுதாதீங்க” என்று நிலா நோட்டை மறைத்துக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் மணி அடிப்பதைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். சிவப்பு மையில் பத்துக்கு நாலு போட்டார்.

“நாலுதானுங்களா டீச்சர்?”

“நாலு உங்க கைக்கு. எதுக்கு இங்க உக்காந்திருக்கியன்னு பிள்ளைககிட்டச் சொல்லுங்க, மீதி ஆறு தாரேன்.”

பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். வயதான காலத்திலும் எழுத ஆசைப்பட்டு வந்து உட்காரும் நல்ல அங்கிள் என்று. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். ஆண்டுப் பரீட்சை வந்தது, தமிழன்று கைகள் எழும்பின, தாள் கட்டோடு நான் ஓடினேன். நிலா இரண்டு தடவை தாள் கேட்டாள். அடுத்த வருஷம் வகுப்பை அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் அடுத்த வாரம் என்றேன். காய்ச்சல் என்று விடுப்பில் போவதற்கு முந்தின நாள், டீச்சர் கேட்டில் நின்று கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, ஆறு அப்படியே கெடக்கு?”

“அடுத்த வாரம் டீச்சர்.”

“சரி, கெடக்கட்டும்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதை எழுத எனக்குப் பதினாறு நாள் ஆனது. போன் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. என் கையெழுத்து ஒரு பக்கம் முழுக்க நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது. அவர் போன பிறகு எழுதுகிற எழுத்தில் சந்தோஷப்படுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

நிலா, நீ கேட்டில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம் அம்மா, நானும் மைக்தான். உங்கள் விடைத்தாள் வெள்ளையாகக் கிடந்ததற்கும், டீச்சர் எல்லோர் முன்னாலும் தலை குனிந்ததற்கும், நான் சொல்லாமல் நின்றதும் காரணம். அவர் செய்த தப்பு ஒன்றுதான். என்னை நம்பினார்.

அவர் போட்ட ‘அருமை’ எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்துவிட்டேன், ‘கேட் பூட்டு’க்கு வந்த ஒன்றைத் தவிர. நோட்டின் முதல் பக்கம் இருக்கிறது. ஆறு அவரிடமே கிடக்கட்டும். நாலை நான் வைத்துக்கொள்கிறேன்.